பொருள்: வேகாத பாஸ்தா

மேஜையின் ஒரு முனையில், கைப்பிடி வைத்த நாற்காலியில் அப்பா. அந்த வீட்டில் கைப்பிடி உள்ள நாற்காலி அது ஒன்றுதான். வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு வலது கைப் பக்கம் சித்தப்பா. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் எதிரே இருப்பவரிடம் சில்லறை கேட்பது போலவே பேசுவார். அவருக்கு அடுத்து என் கணவர். இடது கைப் பக்கம் தம்பி, தம்பிக்கு அடுத்து அவன் மனைவி. அடுப்படி வாசலை ஒட்டி அம்மா. எழுந்து ஓட வசதியாக நாற்காலியின் நுனியில்தான் உட்கார்வாள். அப்பாவுக்கு நேர் எதிர் முனையில் நான். நடுவில், நான்காக மடித்த துண்டின் மேல், ஒரு கண்ணாடித் தட்டு நிறைய பாஸ்தா.

எது நடந்தாலும் முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை அப்படித்தான் பழக்கினார். குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இத்தனை வருடமாக அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன். மீதிப் பாதிச் சண்டைக்கு என்ன செய்வது என்று எந்த ஆசிரியையும் சொல்லித்தரவில்லை.

தம்பிக்குக் கல்யாணமாகி அதுதான் முதல் வருடக் கடைசி விடுமுறை. அவன் மனைவி பல் மருத்துவர். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'டாக்டரம்மா'. பாதி மரியாதை, பாதி கிண்டல். வெளியூரிலிருந்து வந்து இறங்கியதுமே பையிலிருந்து பாஸ்தா பாக்கெட், சீஸ் கட்டி, ரொட்டித் தூள் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பிவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

"அத்தை, இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு நான் பண்றேன். லீவுன்னா எங்க வீட்ல இதுதான். நீங்க அடுப்படிப் பக்கமே வரக்கூடாது."

"நான் வராம அடுப்படி எப்படிம்மா தனியா இருக்கும்?" என்றாள் அம்மா. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள்.

ஓவன் என் கணவரின் அலுவலகக் குலுக்கலில் பரிசாக விழுந்தது. எங்கள் வீட்டில் இடமில்லை என்று அம்மா வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தோம். ஒரு வருடமாக அதற்குள் பிளாஸ்டிக் டப்பா மூடிகள்தான் குடியிருந்தன. டப்பாக்கள் எங்கே போயின என்பது யாருக்கும் தெரியாது. மூடிகளை எல்லாம் ஒரு பையில் கொட்டி, உள்ளே துடைத்து, அப்பாவே அதை அடுப்படி வாசலை ஒட்டிய பிளக்கில் மாட்டிக் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்பா வாழ்நாள் முழுக்க வயரிங் வேலை பார்த்தவர். வீட்டில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு போர்டு, எல்லா சுவிட்சும் ஒரே வரிசையில். அறையை விட்டு வெளியே வருகிறவர் உள்ளங்கையால் மேலிருந்து ஒரு தடவு தடவினால் எல்லாம் அணைந்துவிடும். அதற்காகவே அப்படி வைத்தார். நானும் தம்பியும் நடக்கப் பழகியபோதே அந்தத் தடவலையும் பழகிவிட்டோம். கை எட்டாத வயதில் எம்பிக் குதித்து அணைப்போம். என் கணவருக்குக் கல்யாணமான புதிதில் பயிற்சி நடந்தது.

"மாப்பிள்ளை, பாத்ரூம்ல யாரு குளிக்கிறாங்க?"

"யாரும் இல்லையே மாமா."

"அப்ப லைட்டு யாருக்கு எரியுது?"

ஒரு மாதத்தில் அவரும் தேறிவிட்டார். இப்போதெல்லாம் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போது எழுந்து வெளியே போனால் மற்றவர்களை இருட்டில் விட்டுவிட்டுப் போகிறாராம். குளிர்சாதனப் பெட்டி மட்டும் தனி லைனில் தப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு முறை ஐஸ் எல்லாம் உருகி அடுப்படி குளமான பிறகுதான்.

டாக்டரம்மா பாஸ்தாவை முழுதாக வேகவிடாமல் வடித்தாள். "மீதி உள்ள போய் வேகும் அத்தை, இல்லன்னா கூழாயிடும்." வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கிளறினாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பால் பாத்திரம். ஊசி போடும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி வைத்துக்கொண்டு. பாஸ்தாவைக் கலந்து தட்டில் பரப்பி, துருவிய சீஸை மேலே தாராளமாகத் தூவி, ஓவனுக்குள் வைத்து, டைமரைத் திருகிவிட்டுக் குளிக்கப் போனாள். அந்த டைமர் சாவி கொடுக்கிற வகை. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிக் டிக்கென்று தன்பாட்டுக்கு ஓடும், நேரமானால் மணி அடிக்கும்.

அப்பா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனார். வெளியே வந்தார்.

டாக்டரம்மா குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஓவனில் விளக்கு எரியவில்லை. அம்மாவிடம் கேட்டாள். "இஸ்திரிப் பெட்டி மாதிரிதாம்மா, சூடு ஏறினதும் சிவப்பு லைட்டு அணைஞ்சுடும்" என்றாள் அம்மா, ஓவனை வாழ்க்கையில் ஒரு முறைகூடப் பயன்படுத்தாத தைரியத்தில். ஆனால் டாக்டரம்மா கதவைத் தொட்டுப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். தானே போட மறந்துவிட்டோமோ என்று தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு மறுபடி போட்டாள். டைமரை மறுபடி திருகினாள்.

என் கணவர் ஐஸ் எடுக்கப் போனார். வந்தார்.

இரண்டாவது முறை சுவிட்ச் அணைந்திருந்ததைப் பார்த்தபோது அவள் கூடத்துக்கு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அது பாதியில் நின்ற சிரிப்பு.

"யாராவது ஓவனை அணைச்சீங்களா?"

"இல்லையே" என்றார் அப்பா.

"நான் இல்லம்மா" என்றார் என் கணவர்.

"நாங்க ஏம்மா அணைக்கப் போறோம்?" என்றேன் நான்.

"நான் எழுந்திரிக்கவே இல்ல, டிக்கெட் வாங்கின சீட்டு" என்றார் சித்தப்பா.

ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். கை செய்ததைத் தலைக்குச் சொல்லியிருந்தால்தானே தெரியும். எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. யாராவது வந்து 'இப்போது மூச்சு விட்டீர்களா' என்று கேட்டால் என்ன சொல்வது?

அவள் போய்த் திரும்பவும் போட்டுவிட்டு அங்கேயே காவல் நிற்கத்தான் பார்த்தாள். அம்மா விடவில்லை. "காலையிலிருந்து நிக்கிற, வந்து உக்காரும்மா" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தட்டுகளை எடுத்துவர நான் அடுப்படிக்குப் போனேன். இடுப்பில் தட்டுகளை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மணி அடித்தது. டாக்டரம்மா ஓடிப்போய்க் கனமான துணியைச் சுற்றிக்கொண்டு தட்டைத் தூக்கிவந்தாள். துணி தேவைப்படவில்லை என்பது அவளுக்குத் தூக்கியபோதே தெரிந்திருக்கும். ஆனாலும் வந்துவிட்டாள், ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோமே. சீஸ் உருகலாமா வேண்டாமா என்று யோசனையில் நின்றது. சாஸ் ஓரத்தில் ஆடை கட்டியிருந்தது. அம்மா எல்லோருக்கும் பரிமாறினாள். சித்தப்பா வாயில் வைத்துக் கடித்தார். 'கடக்' என்று ஒரு சத்தம் மேஜை முழுக்கக் கேட்டது.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன டாக்டரம்மா, தொழிலுக்கு ஆள் பிடிக்கிறியா? எங்க பல்லை நீயே உடைச்சு நீயே கட்டப் போறியா?"

நல்ல ஜோக். அதை மறுக்க முடியாது. சித்தப்பா மேஜையைத் தட்டிச் சிரித்தார். "குடும்ப சலுகை உண்டா?" என்று என் கணவர் கேட்டார். நானும் சிரித்தேன். தம்பிகூட முதலில் சிரித்துவிட்டு, பிறகு பக்கத்தில் பார்த்தான்.

அவள் எழுந்தாள். சத்தம் போடவில்லை.

"நான் இந்த வீட்டுக்கு வேண்டாம்னா வாயால சொல்லியிருக்கலாம் மாமா. மூணு தடவை ஓவனை அணைச்சுச் சொல்ல வேண்டியதில்ல."

தட்டைத் தூக்கிக்கொண்டாள். அப்படியே பாஸ்தாவோடு. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைக் கடந்துவிட்டாள். தம்பி பின்னால் ஓடினான். "ச்சே! என்ன ஜனங்கடா நீங்க!" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கூடத்தை விட்டு வெளியேறினான்.

வெளியேறும்போது போர்டில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுப் போனான்.

விளக்கு, மின்விசிறி, வாசல் விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் போயின. ஐந்து பேரும் இருட்டில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தோம்.

"கரண்ட் போச்சா?" சித்தப்பாவின் குரல்.

"எதிர் வீட்ல எரியுதே" என்றாள் அம்மா.

எனக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்காக முதல் முறை கோபப்பட்டு வீட்டை விட்டுப் போகிறவன், அந்த நேரத்திலும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறான். "ஐயோ, நாமதான்!" என்று கத்தினேன். "ஓவனை அணைச்சது நாமதான்!"

மறுநாள் தம்பியோடு போனில் பேசினேன். அவள் யாருடைய போனையும் எடுப்பதில்லை. இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். "அவ வராத எடத்துக்கு நானும் வரப்போறதில்ல அக்கா. சுவிட்சு, கிவிட்சுன்னு கதை சொல்லாத" என்று வைத்துவிட்டான். சுவிட்சை அணைத்துவிட்டுப் போன அதே கையால்தான் போனையும் வைத்திருப்பான்.

அம்மா அன்று எதுவும் சமைக்கவில்லை. பிளாஸ்டிக் மூடிகளைத் திரும்ப ஓவனுக்குள் அடுக்கப் போனவள், பாதியில் நிறுத்திவிட்டு, ஓவன் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

என் கணவர் உடனே ஒத்துக்கொண்டார். "ஐஸ் எடுத்தேன், திரும்பினேன்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவரின் கை தானாக மேலே போய் இறங்கியது. "ஆமா, நான்தான்" என்றார். என் பங்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியாக அணைத்தவள் நான். அதாவது அதிகச் சேதம் என்னால்தான். அப்பா மட்டும் அசையவில்லை.

"ஓடுற மெஷினை அணைப்பேனா நான்? தொழில் தெரிஞ்சவன்."

"சரி. கொஞ்சம் தண்ணி கொண்டுவர முடியுமாப்பா?"

போனார். டம்ளரோடு திரும்பினார். அவர் பின்னால் அடுப்படி இருண்டது. வாசலிலேயே நின்று தன் கையைப் பார்த்தார், அது வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

"அந்த போர்டுல ஓவனை மாட்டினது யாரு?" என்றார் கோபமாக.

"நீங்கதான்!" என்று நானும் என் கணவரும் சித்தப்பாவும் ஒரே குரலில் சொன்னோம்.

சரி, போன் வேண்டாம், கடிதம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் தொடங்கினேன். மேஜையின் படம் வரைந்தேன். அடுப்படி போர்டின் படம் வரைந்து ஓவன் சுவிட்சுக்கு அம்புக்குறி போட்டேன். யார், எதற்காக உள்ளே போனார்கள், எந்த வரிசையில் என்று எழுதினேன். வேண்டுமென்றே யாரும் செய்யவில்லை என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவினேன். நான்கு பக்கம். எனக்கே பெருமையாக இருந்தது.

என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தார். "இது தம்பி பொண்டாட்டிக்கா, தண்ணி வரலைன்னு புகார் குடுத்தவருக்கா? 'மேற்படி நிகழ்வு தொடர்பாக'ன்னு யாராவது வீட்டுக்கு எழுதுவாங்களா?"

"நீங்க போய் ஐஸ் எடுங்க, போங்க."

சித்தப்பா வந்தார். "நான் அடுப்படிக்கே போகலன்னு தனியா ஒரு பத்தி போடும்மா. வழியில ஏறினவனை எல்லாம் ஒரே டிக்கெட்ல சேர்க்கக் கூடாது."

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "ஓவனுக்குத் தனி லைன் இழுக்கணும்னு நான் முன்னாடியே நினைச்சேன்னு எழுது."

"எப்பப்பா நினைச்சீங்க?"

"இப்பதான். ஆனா எழுது."

ஆளாளுக்கு ஒரு திருத்தம். எல்லோருக்கும் தன் பெயர் பின்னால் வரவேண்டும், அடுத்தவர் பெயர் முன்னால் வரவேண்டும். அலுவலகத்தில் ஒரு தெருவே சேர்ந்து குழாயடிச் சண்டையைப் புகாராக எழுதி அனுப்பும்; அதற்குக்கூட நான் நிதானம் இழக்காமல் பதில் எழுதியிருக்கிறேன். இங்கே பேனாவை மேஜையில் அடித்து, "நீங்களே எழுதிக்குங்க!" என்று எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் அம்மா உள்ளறையிலிருந்து வந்தாள். தலையை முடிந்துகொண்டே நான்கு பக்கத்தையும் நின்றபடி படித்தாள். எங்கள் வீட்டில் நான் எழுதியதை முழுதாகப் படிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள். "ஆனா அந்தப் பொண்ணு சுவிட்சுக்காகப் போகல."

"அம்மா, அவளே சொன்னாளே, மூணு தடவை..."

"சுவிட்ச் அணைஞ்சு ரெண்டு தடவை அவ திரும்பிப் போட்டாளா இல்லையா? போட்டுட்டு வந்து உக்காந்தாளா இல்லையா? சிரிச்சீங்க. அப்பதான் எழுந்தா." காகிதத்தை மேஜையில் வைத்தாள். "நானும் சிரிச்சேன். முந்தானையால வாயை மூடிக்கிட்டா தெரியாதுன்னு நினைச்சேன். அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி யாரையும் பார்க்கல. என்னைத்தான் பார்த்தா."

சித்தப்பா தன் பத்தியைத் திரும்பக் கேட்கவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்த ஜோக்கை அதற்குள் இரண்டு பேரிடம் போனில் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும்.

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். மேஜைப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் மனசு வரவில்லை, ஆனாலும் கிழித்தேன். புதுக் காகிதத்தில் ஒரே பக்கம் எழுதினேன். நீ காலையிலிருந்து நின்று செய்ததை நாங்கள் கெடுத்தோம். அது தெரியாமல் செய்தது, தெரிந்த பிறகு கையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டோம். ஆனால் சிரித்தது தெரிந்தே செய்தது. நீ வா என்று கேட்க எங்களுக்கு முகமில்லை. நாங்கள் உன் வீட்டுக்கு வரலாமா? சமைக்க வேண்டாம். வேண்டாம் என்றால் அதையும் ஒரு வரி எழுது. இவ்வளவுதான். கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே அம்மா, என் கணவர், சித்தப்பா. சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, "உண்மையிலேயே நல்லா மணந்துச்சும்மா, மொதல் தடவை போட்டப்ப" என்று பக்கவாட்டில் ஒரு வரி எழுதினார். அப்பாவுக்கு என்று அரைப் பக்கம் இடம் விட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"நான் என்ன எழுதறது? அதான் நீ எழுதிட்டியே" என்றார்.

"கையெழுத்தாவது போடுங்கப்பா."

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சு முடிந்தது என்று பொருள். பல்லைக் கடித்துக்கொண்டு காகிதத்தை மடித்தேன். உறைக்குள் போட்டு, பசை தடவி, விளிம்பில் விரலால் நன்றாக அழுத்தி ஒட்டினேன். முகவரி எழுதினேன். செருப்பு மாட்டும்போது அப்பா வந்தார்.

"அந்தக் கவரைக் குடு."

"ஒட்டியாச்சுப்பா."

"குடுங்கறேன்ல."

வாசல் சுவரில் உறையைக் கவிழ்த்து வைத்தார். என் பேனாவை வாங்கி, ஒட்டிய மடிப்பின் மேலேயே, வயரிங் படத்தில் எழுதுகிற பெரிய எழுத்தில் எழுதினார்: 'சிரிக்க வைத்தது நான். தப்பு என்னுது. மாமனார்.'

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்பா! உள்ள உங்களுக்குன்னு அரைப் பக்கம் காலியா விட்டிருந்தேன். இப்ப தபால்காரங்க எல்லாரும் படிப்பாங்க!"

"படிக்கட்டும்" என்றார். "அவளும் எல்லாரும் பார்க்கத்தானே எழுந்து போனா."

கூடவே வந்தார். தபால் நிலையத்தில் முகப்பில் இருந்த பெண் உறையை எடைத் தராசில் வைத்தார், திருப்பினார், பின்பக்கத்தைப் படித்தார். அப்பாவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அப்பா சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சாதாரணத் தபாலா, பதிவுத் தபாலா?"

"பதிவு" என்றார் அப்பா, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண் ரசீது எழுதிக் கொடுத்தார். முத்திரையை எடுத்து, அப்பா எழுதிய வரிகளின் மேல் படாமல் உறையின் ஓரமாகப் பார்த்துக் குத்தி, வெளியூர்ப் பையில் போட்டார்.